ஜெயம்மாவுக்குப் புளிப்பு ஆகாது

ரத்தினபுரிப் பக்கம் கலுகல்பொத்தைத் தோட்டத்து மயானத்தில், ஜெயம்மாவின் தலைமாட்டில் நின்ற தேயிலைச் செடிக்கு மஞ்சள் காமாலை கண்டிருந்தது. பக்கத்து மலையில் செடிகளெல்லாம் பச்சைப் பசேலென்று கொழுந்து விட்டுக்கொண்டிருக்க, இது மட்டும் நரம்புகளில் கொஞ்சம் பச்சையை மிச்சம் வைத்துக்கொண்டு வெளிறி நின்றது. காலை, மாலை இரண்டு வேளையும் அதைப் பார்க்கப் போய்வந்த கன்னையாவும் ஏறக்குறைய அதே நிறத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

மலைநாட்டு மேடைகளில் ஒரு வசனம் உண்டு. 'தேயிலைக்கு உரமானோம்' என்பார்கள். சொன்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சோடா குடிப்பார், கைதட்டல் விழும். கன்னையாவும் ஒரு கூட்டத்தில் தட்டியவர்தான். ஆனால் அன்றைக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பியதும் மனைவியிடம் கேட்டார்:

"உரம்னா மூட்டையில நம்பர் போட்டுல்ல வரும்? நமக்கு என்னா நம்பர் போடுவாங்க?"

"ஒங்களுக்கு மூட்டையே கெடைக்காது. பேசாம படுங்க" என்றாள் ஜெயம்மா.

அப்படிப் பேசிக்கொண்டிருந்தவள் ஒரு மாசி மாதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். லயத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். கன்னையா அழவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது.

அவருடைய தொழில் கான் வெட்டுவது. மழைத் தண்ணீர் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடாமலிருக்க மலைச் சரிவில் வெட்டும் வாய்க்காலுக்குத் தோட்டத்தில் கான் என்று பெயர். எந்த இடத்தில் மண்வெட்டி இறங்கும், எங்கே பாறையில் இடித்துக் கை விறைக்கும் என்று தெரிந்தவர் என்பதால், தோட்டத்தில் யார் கண்ணை மூடினாலும் குழிக்கு இடம் பார்ப்பதும் அவர்தான். சொந்தப் பெண்டாட்டிக்குத் தானே வெட்டக் கூடாது என்று மற்றவர்கள் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் மேட்டில் நின்று பார்த்தார். முதலில் கறுத்த மண் வந்தது, பிறகு சிவப்பு, அதற்கும் கீழே மஞ்சள். கடைசியில் வெள்ளைப் புள்ளியோடு, அவித்த கிழங்குபோல விரலில் உதிர்கிற பாறை. "போதும், போதும். அதுக்குக் கீழ அவளுக்குக் குத்தும்" என்றார். அப்போதுதான் அழுதார்.

தலைமாட்டில் தேயிலை வைத்ததும் ஜெயம்மாவின் ஏற்பாடுதான். உயிரோடிருக்கும்போதே சொல்லி வைத்திருந்தாள். "பூச்செடி வச்சீங்கன்னா ஆடு வந்து என் தலையில நிக்கும். தேயிலை வைங்க. அத ஆடும் திங்காது, மாடும் திங்காது." நாற்றுமேடையிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்து வைத்தார். அது தளதளவென்று வளர்ந்து இடுப்பளவுக்கு வந்தது.

பிறகு வந்தது வினை. அது ஒரு ஜாம் போத்தலில் வந்தது.

தக்‌ஷிகா என்ற யாழ்ப்பாணத்துப் பெண் மண் பரிசோதனை உத்தியோகத்தராக இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நியமனமாகியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் மேசை போட்டு, 'மண்ணை அறிவோம்' என்று வகுப்பு நடத்தினாள். மழை தூறியதால் கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லாரும் அறிவதற்குச் சம்மதித்து உள்ளே வந்து நின்றார்கள்.

"இந்த மலை முழுக்க ஒரு காலத்தில வெறும் பாறை. வெயிலும் மழையும் வேரும் சேர்ந்து அதை உடைச்சு உடைச்சு மண்ணாக்கினது. ஒரு விரல் மொத்தத்துக்கு மண் உண்டாக எங்கட பூட்டன்மாற்ற காலமும் போதாது" என்றாள்.

"பாறைய ஒடைச்சது மழை, கான வெட்டினது நாங்க. அப்ப பேரு மட்டும் எப்பிடிங்க மிஸ் கம்பெனிக்கு வந்துச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரிப்பு எழுந்தது. தக்‌ஷிகாவும் சிரித்தாள். அது தன் பாடத்திட்டத்தில் இல்லை என்றாள்.

ஜாம் போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி மேசையில் வைத்தாள். மணல் வந்த உடனே கீழே குந்திக்கொண்டது. வண்டல் யோசித்து யோசித்து இறங்கியது. களி மட்டும், தேர்தலில் தோற்ற பிறகும் கதிரையை விடாதவரைப்போல, தண்ணீரைக் கலக்கிக்கொண்டு மேலேயே நின்றது. கடைசியில் ஒரு கடதாசித் துண்டை நனைத்து, மாறிய நிறத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இஞ்ச மழை கூடுதல். அது மண்ணில கிடக்கிற சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் எல்லாத்தையும் கழுவிக் களுகங்கைக்கு அனுப்பிப் போடும். மிஞ்சிறது இரும்பும் அலுமினியமும். இரும்பு துருப்பிடிச்சதாலதான் மண் சிவப்பு. இந்த மண் சரியான புளிப்பு."

புளிப்பு என்ற சொல்லோடு கன்னையாவின் காது அடைத்துக்கொண்டது. 'தேயிலைக்கு இந்தப் புளிப்புத் தேவை, ஆனால் இங்கே அளவு மிஞ்சிவிட்டது, அதனால் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய மலைக்கு மட்டும் டொலமைட் என்கிற வெள்ளைத் தூளைக் கொஞ்சம் போட வேண்டும்' என்று தக்‌ஷிகா தொடர்ந்து சொன்னதில் 'வெள்ளைத் தூள்' மாத்திரமே அவருக்குள் போனது.

ஏனென்றால் ஜெயம்மாவுக்குப் புளிப்பு ஆகாது. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்தே அவளுக்கு வயிற்றெரிச்சல். புளிப்பாக ஒரு வாய் உள்ளே போனால் அன்றைக்கு முழுதும் நெஞ்சைத் தடவிக்கொண்டு கொழுந்துக் கூடையோடு குனிந்து நிற்பாள். பால்சோறும் பருப்புமே அவள் சாப்பாடு. அப்பேர்ப்பட்டவளைப் புளிப்பு மண்ணுக்குள் படுக்க வைத்துவிட்டு, இத்தனை வருடம் தான் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்திருக்கிறோமே என்று கன்னையாவுக்குப் பகீரென்றது.

அடுத்த வாரமே டொலமைட் மூட்டைகள் வந்தன. தோட்டத்தில் வெள்ளைத் தூளுக்கு உபயோகம் பல. கரப்பந்தாட்டக் களத்துக்குக் கோடு போட, கோயில் வாசலில் கோலம் போட, பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் பாதையோரத்துக் கல்லையெல்லாம் வெள்ளையாக்க. மிச்சமிருந்தால் மண்ணுக்கும் போடுவார்கள். இதில் ஒரு பால்மா டின் அளவு அவ்வப்போது ஜெயம்மாவின் தலைமாட்டுக்குப் போனதை எந்தக் கடவுளும் குற்றமாகப் பதிய மாட்டார். ஸ்டோருக்குப் பொறுப்பான சிங்களக் கண்டாக்கையாவும் பதியவில்லை. "மொகத கன்னையா, என்னா, கோலமா?" என்பார். "ஓமுங்கையா, கோலந்தான்" என்பார் இவர்.

டொலமைட்டோடு நிற்கவில்லை. அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொண்டுபோய்ப் போட்டார். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் வைப்பதால், அதற்கு முன்பே எல்லாரும் குழிமேட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்து வழக்கம். மற்றவர்கள் ஒரு பூச்சு பூசினார்கள். இவர் வாளியோடு கவிழ்த்தார்.

செடி மஞ்சளானது.

"தண்ணி பத்தலையாக்கும்" என்று தண்ணீர் ஊற்றினார். "சத்துப் பத்தலையாக்கும்" என்று இன்னும் இரண்டு டின் டொலமைட் போட்டார். புது இலைகள் சிறுத்து, பிறக்கும்போதே வெளிறிப் பிறந்தன. பெல்மதுளைக் கடையில் வேலை செய்யும் மகள் சுகந்தினி, "வேற கன்னு வைக்கலாமேப்பா" என்றாள். கன்னையா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. ஜெயம்மா ஒரு தடவை செத்ததே போதும் என்பது அவர் கட்சி. இந்தச் செடியும் போய்விட்டால், வாயைத் திறந்து பேச அந்த மலையில் அவருக்கு வேறு ஆள் இல்லை.

ஆடி மாதத்தில் தக்‌ஷிகா மறுபடி தோட்டத்துக்கு வந்தாள். கன்னையா அவளுடைய ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மிஸ், ஒரு ஆளுக்கு மஞ்சக்காமாலை. கொஞ்சம் வந்து பாக்கிறீங்களாங்க?"

"ஐயா, நான் மண் பாக்கிற ஆள். ஆஸ்பத்திரிக்கெல்லோ கொண்டு போகோணும்?"

"மண்ணுக்குள்ள இருக்கிற ஆளுங்க."

தக்‌ஷிகா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

மயானத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். செடியின் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மண்ணைக் கிள்ளி ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கிக் கடதாசியை நனைத்தாள். நிறத்தைப் பார்த்தவள் இன்னொரு கடதாசியையும் நனைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஐயா, என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்? இது ரத்தினபுரி மண்ணே இல்லை. எங்கட ஊர் மண்!"

"யாழ்ப்பாணத்து மண்ணுங்களா? நான் அங்க போனதே இல்லீங்களே."

"நீங்கள் போகேல்லை, அதை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திட்டியள். எங்களுக்கு நிலத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக் கல். கிணத்துத் தண்ணியைக் கேத்தில்ல கொதிக்க வச்சா அடியில வெள்ளையாப் படியும். அங்க புகையிலை வரும், வெங்காயம் வரும். தேயிலை மட்டும் தலைகீழா நிண்டாலும் வராது." சிரிப்பு அடங்கியது. "ஆர் இதுக்குச் சுண்ணாம்பு போட்டது?"

"வெள்ளையடிச்சங்க... கொஞ்சம் சாம்பல்... கொஞ்சம் டொலமைட்டும்."

"கொஞ்சமோ?"

"பாசம் கொஞ்சம் கூடிப் போச்சுங்க" என்றார் கன்னையா.

தக்‌ஷிகா விளக்கினாள். இரும்பில்லாமல் இலை பச்சை பிடிக்காது. இந்தச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை வேர் எடுக்க வேண்டுமென்றால் மண் புளித்திருக்க வேண்டும்.

"அலுமாரி நிறையச் சாமான் பூட்டிக் கிடக்கு. புளிப்புத்தான் அதுக்குத் திறப்பு. நீங்கள் திறப்பைத் தூக்கிக் கங்கையில எறிஞ்சிட்டு, செடி ஏன் பட்டினி கிடக்குதெண்டு கேக்கிறியள்."

"சரிங்க. இப்ப என்னாங்க செய்யணும்?"

"இந்த மேல் மண்ணைச் சுரண்டி எடுக்கோணும். காட்டோரத்தில கெக்கில்லச் செடி நிக்குமெல்லோ, அதுக்குக் கீழ இருக்கிற புளிச்ச மண்ணும் இலைச்சருகும் கொண்டந்து போடுங்கோ. பிறகு படிகாரம் கொஞ்சம் தண்ணியில கரைச்சு ஊத்துங்கோ. அதில இருக்கிற அலுமினியம் மண்ணைப் பழையபடி புளிக்கப் பண்ணும்."

கன்னையாவின் முகம் மலர்ந்தது. "படிகாரமா! அப்ப கண்ணூறுன்னு சொல்லுங்க! நான் மொதல்லயே நெனச்சேன் மிஸ். தளதளன்னு நின்னுச்சா, போறவன் வாறவன் கண்ணெல்லாம்—"

"கண்ணூறு இல்லை ஐயா, இது இரசாயனம்."

"ரெண்டுக்கும் ஒரே மருந்துதானுங்களே?"

தக்‌ஷிகா கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள். மலர்ந்த அவர் முகம் அதற்குள் வாடிவிட்டது. சுருங்கிய கண்ணால் குழிமேட்டைப் பார்த்தார்.

"ஆனா மண்ணு மறுபடி புளிச்சிருங்களே மிஸ்."

"புளிக்கத்தானே வேணும்?"

"அவளுக்குப் புளிப்பு ஆகாதுங்க."

அப்போதுதான் தக்‌ஷிகாவுக்கு விளங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் தன் வகுப்பிலிருந்து இந்த மனிதர் எதை எடுத்துக்கொண்டு போனார் என்று. செத்தவர்களுக்கு வயிறில்லை என்று சொல்லலாம். சொல்லவில்லை. மண்ணில் விரலால் ஒரு கோடு போட்டாள்.

"ஐயா, இவவை எவ்வளவு ஆழத்தில வச்சனீங்கள்?"

"ஆளுக்கு மேல ஆழங்க. ஒதிர் பாறை வரைக்கும்."

"சுண்ணாம்பு அவ்வளவு தூரம் இறங்காது. தண்ணி மாதிரி இல்லை, சோம்பேறி. நீங்கள் போட்டதெல்லாம் மேல ஒரு சாணுக்குள்ளதான் நிக்குது." குரலைத் தாழ்த்தினாள். "அவவிட்ட ஒண்டும் போய்ச் சேரேல்லை."

கன்னையா குழிமேட்டின் வெள்ளையைப் பெருவிரலால் சுரண்டிப் பார்த்தார். அப்படியானால் இத்தனை நாளும் அவள் புளிப்பிலேதான் படுத்திருந்தாள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றுக்கும் கீழே, பாறை இன்னும் மண்ணாகி முடியாத இடத்தில். டின் டின்னாகக் கொண்டுவந்து கொட்டிய அன்பு முழுவதும் பாதி வழியில் நின்று, அவள் தலைமாட்டில் நின்ற ஒன்றேயொன்றின் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

"நான் போகோணும், ஜீப் நிக்குது. யோசிச்சுச் செய்யுங்கோ, ஐயா" என்றாள் தக்‌ஷிகா. "ஆனா கனநாள் யோசிச்சா செடி தாங்காது."

அன்று சாயங்காலம் லயத்தில் சுகந்தினி மீன் சமைத்துக்கொண்டிருந்தாள். நாட்டுப்புறத்துச் சிங்களப் பெண்களிடம் ஜெயம்மா கற்றுக்கொண்டு, மகளுக்கும் விட்டுப்போன அம்புல்தியல். கறுத்த கொறக்காப் புளியை அவித்து அம்மியில் அரைத்து, மிளகும் உப்பும் சேர்த்து மீன் துண்டில் பூசிச் சட்டியில் வற்ற வைப்பார்கள். கன்னையாவுக்கு அது இருந்தால் வேறு கறி வேண்டாம். சுகந்தினி அரைத்த கொறக்காவில் ஒரு துளி எடுத்து உள்ளங்கை ஓரத்தில் வைத்து நாக்கால் தொட்டுப் பார்த்தாள். முகம் சுளித்தது.

கன்னையா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அம்மாவும் இப்பிடித்தான பாப்பா?"

"எப்பிடி?"

"கையில வச்சு."

"பின்ன? நாக்குல வைக்காம புளிப்பு எப்பிடித் தெரியும்?" சுகந்தினி சட்டியைக் கிளறினாள். "பாத்துட்டு ஒரு சொம்பு தண்ணி குடிப்பா. நெஞ்சத் தடவிக்குவா. 'ஒங்கப்பனுக்குப் புளிப்புக் கொறஞ்சா சோறு எறங்காது'ன்னு திட்டிக்கிட்டே இன்னும் கொஞ்சம் கொறக்கா போடுவா."

அவர் இதை எத்தனையோ தரம் கண்ணால் கண்டவர்தான். அன்றைக்கெல்லாம் மீனைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், ஜெயம்மாவைப் பார்க்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எழுந்துபோன அத்தனை சாப்பாட்டுக்கும் முன்னால், ஆகாத புளிப்பை நாக்கில் வாங்கிக்கொண்டு ஒருத்தி நெஞ்சைத் தடவியிருக்கிறாள். தன்மேல் வளர்கிற ஒன்று பசியோடு நிற்கையில், 'எனக்கு ஆகாது' என்று சொல்கிற ஆளா அவள்?

மறுநாள் அவர் மண்வெட்டியோடு போனார். வெளுத்திருந்த மேல் மண்ணை, வேரில் படாமல், புண்ணிலிருந்து துணி பிரிப்பதுபோலச் சுரண்டி எடுத்தார். கெக்கில்லப் புதருக்குக் கீழிருந்து கறுத்த மண்ணும் சருகும் சாக்கில் சுமந்து வந்தார். பெல்மதுளையிலிருந்து சுகந்தினி படிகாரம் வாங்கி வந்தாள். அதைக் கரைப்பதற்கு முன், எதற்கும் இருக்கட்டுமென்று செடியை மூன்று தரம் சுற்றினார். அந்த நேரம் பார்த்து, செடி எப்படியிருக்கிறது என்று அறியத் தக்‌ஷிகா வந்து பின்னால் நின்றாள். கன்னையா கையும் படிகாரமுமாக அசடு வழிந்தார்.

"சுத்தினாலும் ஒண்டுதான், சுத்தாட்டியும் ஒண்டுதான்" என்றாள் அவள். "இடைக்கிடை இடப் பக்கமாயும் சுத்துங்கோ. தலை சுத்தாது."

தீபாவளிக்கு முதல் நாள் மயானம் பளபளவென்று இருந்தது. எல்லாருடைய அப்பன்மாரும் அம்மாமாரும் சுண்ணாம்புச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஜெயம்மாவின் மேடு மட்டும் சருகும் சேறுமாகக் கறுத்துக் கிடந்தது. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னையாவுக்கு வயதான காலத்தில் வேறு யோசனை வந்துவிட்டது என்று ஒரு பேச்சு அதற்குள் கீழ் லயம் வரை போய்ப் புதுப் பெண்ணுக்குப் பெயரும் வைத்துத் திரும்பியிருந்தது.

"என்னா கன்னையாண்ணே, அக்காவுக்கு மட்டும் இந்த வருசம் வெள்ளையடிக்கலையா?" என்று பக்கத்துக் குழியில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவன் கேட்டான்.

"பச்சை அடிச்சிருக்கேன்டா. கண்ணு தெரியலையா?"

அவன் திரும்பிப் பார்த்தான். மஞ்சள் இலைகளுக்கு நடுவே, செடியின் கிழக்குப் பக்கத்தில், புதிதாக நாலைந்து துளிர் எழும்பியிருந்தது. இளம் பச்சை. கொஞ்சம்தான். ஆனால் பச்சைதான்.

சுகந்தினி இலையை விரித்துப் படையல் வைத்தாள். பால்சோறு, பருப்பு, புளிப்பில்லாத எல்லாம். அவள் கற்பூரம் தேடிக்கொண்டிருந்தபோது கன்னையா செடியின் அடியில் குந்தினார். சருகை விலக்கி ஒரு சிட்டிகை மண் எடுத்தார். அதை உள்ளங்கை ஓரத்தில் வைத்து நாக்கு நுனியால் தொட்டார்.

"ஐயோ அப்பா! என்னா பண்றீங்க? ஆளுங்க பாக்கிறாங்க!"

கன்னையாவின் முகம் சுளித்தது. சுளித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

"சரியா இருக்கு" என்றார். "அந்தச் சொம்புத் தண்ணிய எடு."